தீம் பார்க் பயணத்துக்கு எந்த லென்ஸ்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு விசா போட்டோ எடுக்க வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். சிங்கப்பூரில் அக்காவோ சித்தப்பாவோ இருக்கிற குடும்பங்கள் கடலூர்ப் பக்கம் நிறைய. பிரிண்ட் வருவதற்காகக் காத்திருக்கும்போது பாதிப் பேர் கேட்பது இதுதான்: “பிள்ளைகளை யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குக் கூட்டிப் போகிறோம் அண்ணே, கேமராவுக்கு இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டுமா?” பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள வொண்டர்லாவுக்குப் போகிறவர்களும், ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூம் லென்ஸ், ஒரு சின்ன பிரைம் லென்ஸ் (ஜூம் செய்ய முடியாத, ஒரே அளவு லென்ஸ்). அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கல்யாண வேலைக்கு நான் பை நிறைய லென்ஸ் கொண்டுபோகிறேன்; ஆனால் அங்கே எனக்குப் படமெடுப்பது ஒன்றுதான் வேலை, பையைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியும் கூட இருப்பான். தீம் பார்க்கில் நீங்கள் அப்பா, அம்மா, மாமா. பெரிய சவாரிகளில் கேமராவோடு ஏற விடமாட்டார்கள். லாக்கரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருவர் சவாரியை விட்டுவிட்டுக் கீழே காவல் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 எஃப்/2.8 லென்ஸுக்காக ஒரு தாய் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

எந்த ஜூம் என்பதைப் பூங்காவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிள்ளையின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் குதிரை ராட்டினத்தில் நீங்களும் பக்கத்திலேயே நிற்பீர்கள். குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் அதற்குத் தாராளமாகப் போதும் (இந்த எண்கள் லென்ஸின் மி.மீ. அளவு; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் அப்படியல்ல. தனியாக ஏறிக்கொள்வார்கள், நீங்கள் வேலிக்கு வெளியே நிற்பீர்கள். முப்பது மீட்டர் தள்ளி ஓடும் வண்டியை 55 மி.மீ. வைத்து எடுத்தால் சுமார் 12 மீட்டர் அகலக் காட்சி படத்துக்குள் வந்துவிடும். அதில் உங்கள் பையன் ஒரு புள்ளி. அதே இடத்தில் 135 மி.மீ. வைத்தால் ஐந்து மீட்டர்தான் வரும். நாலு பேர் உட்கார்ந்த வரிசை சட்டத்தை நிறைக்கும், கத்துகிற வாயும் இறுகப் பிடித்த கையும் தெரியும். ஆகவே வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு கேனானின் 18-135 அல்லது நிக்கானின் 18-140. கடையில் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் ஏ.பி.எஸ்-சி வகை (படம் பதியும் சென்சார் சற்றுச் சிறியதாக உள்ள) கேமராக்களை வைத்துத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதன் அளவு; எண் குறைந்தால் ஒளி கூடும். இந்த ஜூம்களை முழுக்க நீட்டினால் எஃப்/5.6 வரைதான் திறக்கும், பகலில் அது போதாதே என்று கவலைப்படாதீர்கள். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, எஃப்/5.6 வைத்தாலே ஷட்டர் வேகம் 1/1600 நொடி வரை கிடைக்கும். ரோலர் கோஸ்டரை உறையவைக்க 1/1000 இருந்தால் போதும். வண்டிக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தால் முகங்கள் கறுத்துவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். வொண்டர்லாவில் உள்ள ‘ரீகாயில்’ மாதிரியான சவாரிகளில் வண்டி போன தடத்திலேயே பின்னோக்கித் திரும்பி வரும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது. முதல் முறை போகும்போது தண்டவாளத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அந்த இடத்துக்கு வண்டி வரச் சற்று முன்னதாகவே பட்டனை அழுத்தித் தொடர்ந்து எடுங்கள். சிங்கப்பூரின் செண்டோசா தீவில் உள்ள யுனிவர்சலில் சிவப்பும் நீலமுமாக இரண்டு தடங்கள் பின்னிக்கொண்டு ஓடும் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் நீலத் தடத்து வண்டி தடத்துக்கு அடியில் தொங்கியபடி வரும். கால்கள் காற்றில் ஆடும் படம் வேண்டுமானால் அதற்காகக் காத்திருங்கள்.

இனி மாலை. என்னைக் கேட்டால் தீம் பார்க்கின் நல்ல படங்களெல்லாம் விளக்கு போட்ட பிறகுதான் கிடைக்கின்றன. வெயில் இறங்கி, பிள்ளைகள் முகம் கழுவி, கையில் பஞ்சுமிட்டாயோடு விளக்கடியில் நிற்கிற நேரம் அது. கிட் ஜூம் தடுமாறுவதும் அப்போதுதான். ஒரு விளக்கடியில் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/5.6 வைத்து 1/15 நொடிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற குழந்தை 1/15 நொடியில் கலைந்துவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குழந்தையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. எஃப்/1.8 லென்ஸ் எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதே இடத்தில் 1/125 கிடைத்துவிடும், படம் நிற்கும். மூன்று நான்கு பேர் முன்னும் பின்னுமாக நின்றால் மட்டும் எஃப்/2.8 அல்லது எஃப்/4-க்கு வாருங்கள். எஃப்/1.8-இல் அண்ணன் தெளிவாகவும் பின்னால் நிற்கும் தங்கை மங்கலாகவும் விழுவாள்.

பிரைமில் 35-ஆ 50-ஆ என்ற கேள்விக்கு என் வாக்கு 35-க்குத்தான். 50 எஃப்/1.8 விலை குறைவு, முக அழகும் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க 50-ஐ வைத்துக்கொண்டு ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். பூங்காக் கூட்டத்தில் அந்த ஐந்து மீட்டருக்குள் பத்துப் பேர் குறுக்கே நடப்பார்கள். 35 என்றால் மூன்றரை மீட்டரில் முடிந்துவிடும். நிக்கானின் 35 எஃப்/1.8 டி.எக்ஸ். 200 கிராம்தான், சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிது, கைப்பைக்குப் பாரமே இல்லை.

என் பேச்சை நம்பிப் பணத்தைப் போட வேண்டாம், செலவில்லாமல் நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி, அது நகராதபடி இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போங்கள். புதுச்சேரிக்காரர்கள் கடற்கரைச் சாலைக்குப் போகலாம். ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காந்தி சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், மேலே தெருவிளக்கு. பூங்காவின் மாலை நேரத்தை ஒத்திகை பார்க்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. இருட்டும் வரை எடுங்கள். பின்னால் போய்க்கொண்டே இருக்கிறீர்களா? உங்களுக்கு 24 மி.மீ. வேண்டும். கேனானில் 125 கிராம் எடையில் தட்டையான 24 எஃப்/2.8 ஒன்று இருக்கிறது. எப்போதும் கிட்டே போகத் தோன்றுகிறதா? 50 வாங்குங்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் அங்கேயும் போய்வாருங்கள். கேமராவைச் சுவரில் வைத்து, டைமர் போட்டு, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, இரண்டு நொடி. ராட்டினம் ஒளி வளையமாகிவிடும். ஸ்டாண்டைப் பல பூங்காக்களில் அனுமதிப்பதில்லை என்பதால் சுவரில் வைத்து எடுக்கப் பழகுவது நல்லது. வாணவேடிக்கைக்கும் இதே முறைதான், எஃப்/8 போதும்.

அகல லென்ஸ், அதாவது 10-18 வகை, வேண்டாம். யுனிவர்சல் வாசலில் சுழலும் பெரிய உருண்டைக்கு முன்னால் குடும்பமாக நிற்கும் படத்தை 18 மி.மீ.-லேயே எடுத்துவிடலாம். இடமே இல்லாத மூலையில் போனின் அகலக் கேமரா அந்த வேலையைச் செய்துவிடும்.

நீர் விளையாட்டுப் பகுதிக்குக் கேமராவையே கொண்டுபோகாதீர்கள். ஈரக் கையால் லென்ஸ் மாற்றுவது கூடாது என்பது ஒரு காரணம். குளித்துக்கொண்டிருக்கும் அடுத்த குடும்பத்துப் பெண்களின் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பிக்கொண்டு நிற்பது சரியில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். தண்ணீர் புகாத உறையில் போட்ட போனைக் கொண்டு உங்கள் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஏ.சி. பஸ்ஸிலிருந்தோ ஏ.சி. அறையிலிருந்தோ மே மாதப் புழுக்கத்தில் இறங்கினால் லென்ஸ் கண்ணாடியில் பனி படரும். துணியால் தேய்த்தால் மறுபடி படரும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று கேமராவின் உள்ளேயும் போய்விடும். கேமராவை ஜிப் வைத்த பாலிதீன் உறையில் போட்டு மூடி, வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். பனி உறையின் மேல் படரும், கண்ணாடி தப்பிக்கும். அறையை விட்டுக் கிளம்பும் முன்பே உறைக்குள் போட்டுவிட வேண்டும்.

வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு பழைய லென்ஸ் இருந்தால் டிக்கெட் போட்ட அன்றே எடுத்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய நூல்வலை மாதிரித் தெரியும். ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பரவியிருந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி கசியும், மாலைப் படங்கள் அத்தனையும் வெளுத்துப்போகும். அதை நம்பிப் போகாதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதானாலும் வாடகைக்கு எடுப்பதானாலும் உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் அது மாட்டிக்கொள்ளும், ஆனால் தானாக ஃபோகஸ் செய்யாது. ஓடுகிற பிள்ளைகளைப் பிடிக்கவே முடியாது. லென்ஸின் மேல் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.