ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் திருப்பித் தரலேன்னா என்ன பண்றது?

சென்னையில வாடகை வீடு காலி பண்ணுன யாரைக் கேட்டாலும் ஹவுஸ் ஓனர் பேசுன ரெண்டு டயலாக்கை சொல்லுவாங்க. "அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்", அப்புறம் "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்குவேன்".

முதல்ல சட்டம். தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலேன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது (ஆனா 10 மாசம் கேக்குற ஆளு இன்னும் இருக்காங்க, நாமளும் வீடு கெடைச்சா போதும்னு கையெழுத்து போட்டுடறோம்). காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமா கழிக்க வேண்டியதைக் கழிச்சுட்டு மிச்சத்தை தரணும். அடுத்த ஆள் வர்றதுக்கும் உங்க பணத்துக்கும் சம்பந்தமே இல்ல. பெயிண்டிங் கதை அக்ரிமென்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லேன்னா தைரியமா கேளுங்க.

நெஜத்துல நெறைய பேர் பண்றது என்னன்னா, கடைசி ரெண்டு மூணு மாச வாடகையை கட்டாம "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு சொல்லிடுவாங்க, ஓனர் ஒத்துக்கிட்டா இதான் ஈஸியான வழி, ஆனா வாய்ப்பேச்சா விடாம வாட்ஸ்அப்ல ஒரு "சரி" வாங்கிடுங்க. கேஷா குடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இல்லேன்னாலும் இதே மாதிரிதான், "சார், நான் குடுத்த 60,000ல எவ்ளோ கழிப்பீங்க?"ன்னு கேட்டு மெசேஜ் போடுங்க, பணமே வாங்கலேன்னு மறுக்காம அவர் பதில் போட்டா, பணம் வாங்கினதுக்கு அது ஒரு ஆதாரம். சாவி குடுக்குற அன்னிக்கு ரூம் ரூமா வீடியோ, ஈபி மீட்டர் ரீடிங் போட்டோ எடுத்துடுங்க.

ஒரு மாசம் தாண்டிடுச்சா, தொகை, தேதி, 15 நாள் டைம் எல்லாம் போட்டு ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர் அனுப்புங்க, இதுக்கு வக்கீல் கட்டாயம் இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுத்தா மனு வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர்னு ஒரு ரசீது தருவாங்க, ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசுவாங்க, சில ஓனர் அதுக்கே பயந்து தந்துடுவாங்க. ஆனா இது சிவில் மேட்டர், அங்க அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

அதை விட நல்ல எடம், கோர்ட் வளாகத்துலயே இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. கேஸ் போடறதுக்கு முன்னாடியே அங்க மனு குடுக்கலாம், ஃபீஸ் கெடையாது, 15100க்கு போன் பண்ணி விவரம் கேக்கலாம். பெண்கள், எஸ்சி, எஸ்டி மக்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆச்சுன்னா அது சிவில் கோர்ட் டிக்ரி, அதாவது தீர்ப்பு மாதிரி, அப்பீல் கெடையாது. ஓனர் வரவே இல்லேன்னா ஆணைக்குழுவால கட்டாயப்படுத்த முடியாது, அப்போ கோர்ட்ல கேஸ்தான், அதுக்கு மூணு வருஷம்தான் டைம்.

மனுவுல ஓனர் இப்போ குடியிருக்கற அட்ரஸை எழுதுங்க, நீங்க காலி பண்ண வீட்டு அட்ரஸைப் போட்டா நோட்டீஸ் அப்படியே திரும்பி வந்துடும்.