ஏற்றத்தில் மிதித்தால் கார் உதறுகிறதா?

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி, கியர்பெட்டியில் இருந்து சில்லைச் சுழற்றும் தண்டான ட்ரைவ் ஷாஃப்ட் எடுப்பிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அக்சலேட்டரை மிதிக்கும்போது வரும் உதறலுக்கு நாலைந்து காரணங்கள் உண்டு. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்தறிய வழி இருக்கிறது, அதுவும் மலையில் சுலபமாக.

வளைவு குறைந்த, நல்ல தார் போட்ட ஏற்றம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்து ஏறுங்கள். திரும்பி வந்து அதே துண்டில், கியரிலேயே வைத்து, அக்சலேட்டரில் இருந்து காலை எடுத்து அதே 40இல் இறங்குங்கள். நியூட்ரலில் மட்டும் இறங்க வேண்டாம், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். ஏறும்போது உதறி, இறங்கும்போது அமைதியானால் கோளாறு இழுவையில்: ட்ரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கும் சி.வி. ஜொயின்ட், எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்ட் அல்லது எஞ்சினே. இரண்டிலும் உதறினால் சில்லுப் பக்கம் பாருங்கள். அடுத்து, அதே ஏற்றத்தில் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறையுங்கள். உதறலின் தாளம் மாறினால் எஞ்சின், மாறாவிட்டால் ஷாஃப்ட்.

சில்லுப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், காசு செலவில்லை. தோட்டத்துப் பாதையில் ஓடிய வண்டியின் ரிம்மின் உட்புறத்தில் மண் அப்பிக் காய்ந்திருந்தால் பேலன்ஸ் கெட்டுவிடும். கழுவுங்கள். அண்மையில் டயர் ஒட்டியிருந்தால் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

முன் சில்லு இழுக்கும் கார்களில் பெரும்பாலும் பிடிபடுவது உள் ஜொயின்ட், அதாவது கியர்பெட்டிப் பக்கம் இருப்பது. பலர் வெளி ஜொயின்டை மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். வெளி ஜொயின்ட் தேய்ந்தால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் போடும். நுவரெலியாவுக்கு ஏறும் றம்பொடைப் பாதையில் காது கொடுத்தாலே போதும். உள் ஜொயின்ட் பெரும்பாலும் சத்தம் போடாது, முன்பக்கத்தையே இடமும் வலமுமாக ஆட்டும். அதற்குள் மூன்று உருளைகள் ஒரு கிண்ணத்தின் மூன்று பள்ளங்களில் முன்பின்னாக நகர வேண்டும். பாரம் ஏறும்போது தேய்ந்த இடத்தில் உருளை சிக்கிச் சிக்கி நகர்வதால், ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று உதறல்.

ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்த பிறகே கீழே போங்கள். கையால் ஆட்டிப் பார்த்து உள் ஜொயின்டைத் தீர்ப்பது கடினம். நல்ல ஜொயின்டும் உள்ளே வெளியே நகரத்தான் செய்யும். பூட்டை, அதாவது ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, கிண்ணத்தின் பள்ளத்தில் நகத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. ஓர் இடத்தில் நகம் தட்டி நின்றால் அந்த ஜொயின்டின் ஆயுள் முடிந்தது, புது கிரீஸ் அதைக் காப்பாற்றாது. கிரீஸை விரல்களுக்கு நடுவில் தேய்க்கும்போது நறநறவென்றால், கிழிந்த பூட் வழியாக மணலும் தண்ணீரும் போயிருக்கின்றன.

ஷாஃப்டை இழுத்தால் கியர் ஒயில் ஒழுகும், தட்டு வையுங்கள். ஒயில் சீலையும் நுனி வளையத்தையும் புதிதாகவே போடுங்கள். பூட்டும்போது ‘க்ளிக்’ என்று வளையம் உட்காரும் வரை தட்ட வேண்டும். பூட்டுடன் வரும் கிரீஸ் பொதி முழுவதையும் போடுங்கள். பெயரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் இங்கே ஆகாது. கிளிப்பை இறுக்கும் முன் பூட்டின் வாயைச் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பாவித்த ஜப்பான் ஷாஃப்ட் வாங்குவதானால் பழையதைக் கையோடு கொண்டு போய்ப் பற்களை எண்ணிப் பாருங்கள். ஏ.பி.எஸ். வளையம் உள்ள வண்டிக்கு வளையம் இல்லாததைப் பூட்டினால் மீற்றரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நடு நட்டை இறுக்காமல் சில்லைத் தரையில் இறக்க வேண்டாம், ஹப் பெயரிங் கெடும்.

மவுண்ட் போயிருந்தால் வண்டி கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் ‘டும்’ என்று ஓர் இடி கேட்கும். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைபிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, ஓட்டோமெட்டிக் வண்டியை டி-யில் போட்டு மெல்ல மிதியுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பினால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. மாற்றும்போது எஞ்சினின் அடித் தொட்டியான ஒயில் சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக் கொடுங்கள், நேரடியாகக் கொடுத்தால் சம்பு நெளியும்.

எஞ்சின்தான் என்று தெரிந்தால் கோளாறுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கேனரைப் போடுங்கள். பி0301 வந்தால் முதல் சிலிண்டர் விட்டு விட்டு எரிகிறது. அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிக் குறியீட்டை அழித்து, அதே ஏற்றத்தில் ஏறுங்கள். பி0302 என்று மாறினால் கொயில், மாறாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பிளக் கிணற்றில் ஈரம் தேங்கியிருந்தாலும் இதே கோளாறு வரும். பனிக்காலத்திலும், எஞ்சினைத் தண்ணீரடித்துக் கழுவிய மறுநாளும் இதைப் பாருங்கள். வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகி, அதன் பிறகு அரைச் சுற்று, அவ்வளவுதான். எஞ்சின் விளக்கு சிமிட்டும்போது மிதித்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டரைத் தின்றுவிடும்.

நுவரெலியாவில் எஞ்சின் சோர்வது வேறு சங்கதி. சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறையும், ஆனால் உதறாது.

பின் சில்லு இழுக்கும் வேன்களில் பின் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டு போகும் நீண்ட தண்டான ப்ரொப் ஷாஃப்டின் குறுக்கு ஜொயின்டையும் நடு பெயரிங்கையும் பாருங்கள். கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்டால் ஒரு கோடு இடுங்கள், திசை மாறிப் பூட்டினால் புது உதறல் வரும். மெனுவல் வண்டி மேட்டில் கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் பிளேட்டில் ஒயில் பட்டிருக்கலாம் அல்லது அது சூட்டில் கருகியிருக்கலாம். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஒழுகும் சீலை விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள்.

வேலை முடிந்ததும் அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே வேகத்தில் ஏறிப் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கி, ரிம்மின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். தெறித்திருந்தால் வெளி பூட்டின் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை.