புத்தகக் கடையில் புரட்டிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் வரும் புத்தகக் கடைக்கு நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் போய் வருகிறேன். கோட்டைச் சுவரின் கருங்கல்லில் ஏறிய வெயில் மாலைவரை ஆறாத இந்த ஊரில், மே மாதத்துப் பிற்பகல் ஒன்றை அந்தக் கடையின் உள்ளறை அலமாரிகளுக்கு முன்னால் நின்று கழிப்பதைப் போல எனக்கு நிறைவு தருவது வேறில்லை. வாங்குவதற்கு மட்டும் நான் அங்கே போவதில்லை. புரட்டிப் பார்க்கவும் போகிறேன். கையில் எடுத்து, நான்கு பக்கம் படித்து, வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பலர் தாமறியாமலே கெடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன், நானும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட தவறுகள் எவை, அவற்றுக்கு மாற்று என்ன என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலான தவறு, ஒரே ஒரு புத்தகத்தின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு நுழைந்து, கல்லாவில் இருப்பவரிடம் அதைக் கேட்டு, இல்லை என்று அவர் சொன்னதும் அப்படியே படியிறங்கிவிடுவது. மருந்துக் கடைக்கு அந்த முறை பொருந்தும். புத்தகக் கடையில், நாம் பெயர் அறிந்த நூல்கள் மிகச் சில. பெயரே கேள்விப்படாதவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கேட்ட நூல் கிடைக்காத நாள்தான் பெரும்பாலும் நல்ல நாளாக அமைகிறது என்பது என் அனுபவம். அன்றைக்கு மனத்தில் ஒரு பொருள் பற்றிய பசி இருக்கிறது. அந்தப் பசியோடு பக்கத்து அடுக்குகளைப் பார்க்கும்போது கண்ணில் படுகிறவை, சும்மா போன நாளில் படுவதில்லை.

அடுத்த தவறு, கடையின் முகப்பைப் பார்த்து முடிவுக்கு வருவது. எங்கள் வட்டாரத்தில், வேலூரானாலும் ஆரணியானாலும் குடியாத்தமானாலும், புத்தகக் கடை பிழைப்பது பள்ளிப் பாடநூல், நோட்டு, கைடு, டிஎன்பிஎஸ்சி வினா வங்கி ஆகியவற்றை நம்பித்தான். ஆகவே அவையே முன்வரிசையில் நிற்கும். கதையும் கவிதையும் வரலாறும் உள்ளே ஒதுங்கியிருக்கும். வாசலில் வினா வங்கிகளைக் கண்டு, "இது நமக்கான கடையன்று" என்று திரும்பிவிடுகிறவர்கள் பலர். உள்ளே சென்று பார்க்கலாமா என்று கேட்டால் மறுக்கும் கடைக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத் தொடக்கத்தில் மட்டும் போகாதிருப்பது நல்லது. அப்போது பெற்றோரும் பிள்ளைகளும் பட்டியலோடு வரிசையில் நிற்பார்கள். நமக்கும் அலமாரி முன்னால் நிற்க இடமிராது, கடைப் பையன்களுக்கும் பதில் சொல்ல நேரமிராது.

உள்ளே சென்ற பின் பலரைக் குழப்புவது அடுக்கு முறை. நூலகத்தில் நூல்கள் பொருள்வாரியாக, எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். அதே எதிர்பார்ப்போடு கடைக்கு வருகிறோம். ஆனால் தமிழ்ப் புத்தகக் கடைகள் பலவற்றில் பதிப்பகவாரியாகவே அடுக்குகிறார்கள். காலச்சுவடு ஒரு பக்கம், கிழக்கு ஒரு பக்கம், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஒரு பக்கம், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இன்னொரு பக்கம் என்று இருக்கும். பதிப்பகங்களோடு கணக்கு வைத்துக்கொள்ளவும் இருப்புப் பார்க்கவும் கடைக்கு இதுவே வசதி. இதை அறியாதவர் "வரலாறு எங்கே?" என்று தேடிக் களைத்துப் போவார். ஒரே எழுத்தாளரின் நூல்கள் மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கலாம். இதைக் குறையாகக் கொள்ளாமல், ஒவ்வொரு பதிப்பகத்தின் சுவையும் எப்படிப்பட்டது என்று பழகிக்கொள்ள வேண்டும். சில மாதங்களில், எந்த முதுகு நிறத்தைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கண் மட்டத்திலுள்ள அடுக்கோடு நின்றுவிடுவதும் இதைச் சேர்ந்த தவறுதான். புதிதாக வந்தவையும் வேகமாக விற்பவையும் அந்த மட்டத்தில் இருக்கும்; பல ஆண்டுகளாகக் காத்திருப்பவை கீழடுக்கில் இருக்கும். குனிந்து, இயலுமானால் தரையில் அமர்ந்து பாருங்கள். தமிழ் நூல்களின் முதுகில் தலைப்புகள் எல்லாம் ஒரே திசையில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. கழுத்தை இருபுறமும் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

எடுக்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. நெருக்கமாக அடுக்கிய வரிசையிலிருந்து ஒரு நூலை, அதன் முதுகின் மேல் விளிம்பில் விரலை மாட்டி இழுத்தால், அந்த விளிம்புதான் முதலில் கிழியும். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். சாதாரண அட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவை தைக்கப்படாமல் பசையால் ஒட்டப்பட்டவை. அவற்றைச் சப்பாத்தி போலத் தட்டையாக விரித்தால் பசை உடைந்து தாள்கள் கழன்றுவிடும். மேல் விளிம்பிலிருந்து முதுகைப் பார்த்தால், சிறு சிறு மடிப்புகளாகத் தெரிவது தைத்த புத்தகம். ஒரே கட்டையாகத் தெரிவது ஒட்டிய புத்தகம். கையைப் பற்றியும் ஒரு சொல்: ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தின்ற கையோடு அலமாரிப் பக்கம் போகாதீர்கள். அந்தச் சர்க்கரைப் பாகின் தடம் தாளில் பட்டால் போகாது.

இனி, புரட்டுவதன் உயிரான பகுதிக்கு வருகிறேன். பின்னட்டைக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாங்குவதும் வைத்துவிடுவதும்தான் மிகப் பரவலான தவறு. பின்னட்டை விற்பதற்காக எழுதப்பட்டது. முதல் பக்கமும் போதுமான சான்றன்று. எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்தைப் பலமுறை திருத்தியிருப்பார். நாவலானால் நடுவில் ஏதேனும் ஓரிடத்தில் திறந்து, இரண்டு பக்கங்களை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கதை புரியாது, புரிய வேண்டியதுமில்லை. அந்த உரைநடையோடு முந்நூறு பக்கம் கூடவே நடக்க முடியுமா என்பது அந்த இரண்டு பக்கங்களில் தெரிந்துவிடும். கவிதைத் தொகுப்பானால், நாலைந்து கவிதைகளின் முதல் வரிகளை மேய்வதைவிட ஒரே கவிதையை இறுதிவரை, உதடு மட்டும் அசையும்படி மெல்ல வாசித்துப் பார்ப்பது மேல். கட்டுரை நூலுக்குப் பொருளடக்கமும், நமக்கு ஏற்கெனவே ஓரளவு தெரிந்த ஒரு பொருளைப் பற்றிய இயலும் போதும். தெரிந்ததை ஆசிரியர் எப்படிச் சொல்கிறார் என்று பார்த்தால், தெரியாததில் அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று விளங்கும். அகராதியையும் இப்படியே சோதிக்க வேண்டும். அரிய சொல்லைத் தேடாமல், நாள்தோறும் வழங்கும் 'எடு', 'விடு', 'போடு' போன்ற சொல் ஒன்றைத் தேடுங்கள். அச்சொல்லின் பல பொருள்களை எவ்வளவு பொறுமையாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதில் அகராதியின் தரம் அடங்கியிருக்கிறது.

திருக்குறள் உரைகளுக்கு நான் கையாளும் முறை எளியது. மனப்பாடமாகத் தெரிந்த, ஆனால் பொருளில் சற்றே ஐயம் உள்ள ஒரு குறளைத் தேர்ந்துகொண்டு, கடையில் உள்ள உரை நூல்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரு குறளை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். வாலாஜாபேட்டைப் பக்கத்து வேலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மு. வரதராசனின் தெளிவுரை சில வரிகளில் பொருளைச் சொல்லி முடித்துவிடும். பரிமேலழகரோ சொல்லைப் பிரித்து, இலக்கணம் காட்டி, பிறர் கூறியதை மறுத்து மேலே போவார். இரண்டையும் இரு கைகளில் விரித்துப் பிடித்தபடி அலமாரி முன்னால் நிற்கும் அந்தப் பத்து நிமிடங்களில் ஒரு குறள் முழுமையாக நம் வசமாகிவிடுகிறது. ஒரு பைசா செலவில்லாமல் கடை நமக்குச் செய்யும் உபகாரம் இது. உரைகளில் ஒன்றை அன்றைக்கே வாங்கிவிடுவது நமக்கு அழகு.

பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைப் பாராமல் விடுவது வேறொரு பெரிய தவறு. 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்பதும் 'இரண்டாம் அச்சு' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் எழுத்து மாறியிருக்கிறது, பின்னதில் அதே எழுத்து மீண்டும் அச்சேறியிருக்கிறது. கதைக்கு இது பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். சட்டம், மருத்துவம், தேர்வு ஆகியவை பற்றிய நூல்களில், பத்தாண்டுக்கு முந்தைய எழுத்தைப் புதிய அட்டையில் வாங்கி ஏமாற நேரிடும். சிஎம்சி மருத்துவமனைக்கு உறவினரோடு வந்து தங்கியிருப்போர், நோய் பற்றிய நூல்களை ஆவலோடு எடுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்; அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதிப்பு ஆண்டைத்தான். மொழிபெயர்ப்பாக இருந்தால், மொழிபெயர்த்தவர் பெயரும், மூல மொழியிலிருந்து நேராக வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத நூலை நான் வாங்குவதில்லை.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும். தமிழ்நாட்டில் பாரதி தொடங்கிப் பல எழுத்தாளர்களின் படைப்புகள் நாட்டுடைமையாகியுள்ளன; நாட்டுடைமையாகாதவையும், ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால், சட்டப்படி எவரும் அச்சிடத்தக்கவை ஆகின்றன. இதனால் ஒரே நூல் பத்துப் பதிப்பகங்களிலிருந்து பத்து விலையில் கிடைக்கிறது. விலை குறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது தவறு. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள் கொண்டது; ஒரு பாகத்தை ஒரு பதிப்பகத்திலும் அடுத்ததை வேறொன்றிலும் வாங்கி, எழுத்தின் அளவும் தாளின் நிறமும் மாறி மாறி வர, அலமாரியில் ஏறுமாறாக நிற்கும்படி வைத்திருப்பவர்களை அறிவேன். ஒரே இயலின் ஒரே பத்தியை இரண்டு பதிப்புகளில் ஒப்பிட்டால் அச்சுப் பிழைகள் தாமே தெரியும். வரிகளுக்கிடையே மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கி அச்சிட்ட மலிவுப் பதிப்பு, அறுபது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பயன்படாமலே போய்விடும்.

தாள்களை எண்ணிப் பாராமல் வாங்கியதன் பலனை நானே பட்டிருக்கிறேன். ஒரு புத்தகக் காட்சியில் கூட்டத்தின் நடுவே அவசரமாக வாங்கி வந்த நாவலில், கதாநாயகி ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் 208-ஆம் பக்கத்துக்கு அடுத்து 225 வந்தது. நடுவில் ஒரு பாரம் முழுவதும் விடுபட்டிருந்தது. பொதுவாக 16 பக்கங்கள் ஒரு பாரமாக ஒரே தாளில் அச்சாகி, மடிக்கப்பட்டு, அடுக்கப்பட்டுக் கட்டுக்குப் போகின்றன. அடுக்கும்போது ஒரு பாரம் விட்டுப்போனாலோ இருமுறை சேர்ந்தாலோ இப்படி ஆகும். காட்சி முடிந்து அரங்கையும் பிரித்துவிட்டிருந்ததால் மாற்றிக்கொள்ள வழியில்லை. அந்தப் பதினாறு பக்கங்களை நூலகத்தில்தான் படித்தேன். இப்போதெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன் 16, 32, 48 என்று தாண்டித் தாண்டிப் பக்க எண்களைச் சரிபார்க்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சொந்த ஊரின் அடுக்கைத் தேடாமல் போவதையும் தவறு என்றே சொல்வேன். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கோட்டை, திப்பு சுல்தானின் குடும்பத்தார் வைக்கப்பட்டிருந்த கோட்டை, கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் சிறையிருந்து 1832-இல் இறந்த ஊர்: இவற்றையெல்லாம் பேருந்து சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறோம். இவற்றைப் பற்றி உள்ளூர் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் எழுதிய மெல்லிய நூல்கள், சிறு அச்சகங்களில் சில நூறு படிகள் மட்டும் அச்சாகி, கடையின் ஏதோ ஒரு மூலையில் முதுகில் பெயர்கூட இல்லாமல் சொருகிக் கிடக்கின்றன. "நம்ம ஊரு பத்தி ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டபோது, என் கடைக்காரப் பெரியவர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி இறக்கிக் கொடுத்த ஒரு சிறு நூலில்தான், நான் படித்த பள்ளி நின்ற தெருவின் பழைய பெயரைக் கண்டேன். வட ஆற்காடு 1989-இலும், பின்னர் வேலூர் மாவட்டம் 2019-இலும் பிரிக்கப்பட்டுவிட்டமையால், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்ற பெயர்களிலும் தேட வேண்டும்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், "தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட வீட்டிலேயே விட்டு வரலாம். கை கழுவிவிட்டு, எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தால், ஆறு வயதுப் பிள்ளையும் பக்குவமாகவே புரட்டும்.

அலமாரி முன்னால் நின்று கைபேசியில் படம் எடுத்து, இணையத்தில் எவ்வளவு கழிவு கிடைக்கிறது என்று பார்ப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு மணி நேரம் மின்விசிறிக்கடியில் நின்று, கடைக்காரர் முதல் போட்டு அடுக்கிய நூல்களைப் புரட்டிச் சுவைத்துவிட்டு, முப்பது ரூபாய் மிச்சத்துக்காக வேறிடத்தில் வாங்குவது, பந்தியில் உண்டுவிட்டு மொய்யை அடுத்த வீட்டில் வைப்பதற்குச் சமம். கையில் பணம் இல்லாத நாளில் ஒன்றும் வாங்காமல் வருவதில் தவறே இல்லை. வேண்டிய நூல் கடையில் இல்லையானால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். ஆசிரியர், பதிப்பகம், பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் தவறான நூல் வந்து சேராது. சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். பார்சல் வருவதற்கு நெடுநாள் ஆவதில்லை. வரவழைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு வாங்க வராமல் இருப்பது மட்டும் கூடாது.

கடைசியாக, எடுத்த நூலைத் திருப்பி வைக்கும்போது நேரும் தவறு. ஓரிடத்தில் எடுத்ததை, கையிலேயே வைத்துக்கொண்டு நடந்து, நின்ற இடத்தில் சொருகிவிடுகிறோம். பதிப்பகவாரியாக அடுக்கிய கடையில், இடம் மாறிய நூல் காணாமற்போன நூல்தான். கணினியில் 'ஒரு படி இருப்பு' என்று காட்டும். பையன் தேடிப் பார்த்துவிட்டு "இல்லீங்க" என்பான். கேட்டு வந்தவர் படியிறங்கிப் போய்விடுவார். எங்கே எடுத்தோம் என்பது மறந்துவிட்டால், நூலைக் கல்லா மேசையின் ஓரத்தில் வைத்து, இடம் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவர்களே உரிய இடத்தில் வைத்துக்கொள்வார்கள்.