குடோனுக்கு எந்த வண்டி? பேலட் டிரக் முதல் ரீச் டிரக் வரை

தூக்கும் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை டன் என்றுதான். அதற்கு முன் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டை, புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரேக்குகளுக்கு நடுவே உள்ள சந்தின் அகலத்தையும் மேல்தட்டின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தரையோடு நகர்த்த மட்டும் என்றால் ஹேண்ட் பேலட் டிரக் போதும். வழக்கமான மாடல் 2.5 டன் தாங்கும். ஃபோர்க் (பேலட்டுக்குள் நுழைந்து தூக்கும் இரட்டைக் கரம்) இறங்கிய நிலையில் சுமார் 85 மி.மீ., ஏற்றினால் 200 மி.மீ. தூக்குவது நாலரை அங்குலம்தான், அடுக்க உதவாது. நைலான் சக்கரம் லேசாக உருளும், ஆனால் சத்தம் போடும், எபாக்ஸி தரையைக் கீறும். அங்கே பாலியூரித்தேன் சக்கரம் போடுங்கள்.

பம்ப் அடித்தும் ஏறவில்லையா? உடனே சீலை (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றாதீர்கள், பம்ப் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். லோடு இல்லாமல், லீவரை இறக்கும் நிலையில் பிடித்தபடி 10–15 முறை பம்ப் அடித்தால் காற்று வெளியேறிவிடும். ஏறி நின்ற ஃபோர்க் தானாக இறங்கினால், லீவரிலிருந்து வால்வுக்குப் போகும் சங்கிலி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலி சற்று இழுத்தாலே வால்வு முழுதாக மூடாது. நட்டைத் தளர்த்திச் சரிசெய்தும் இறங்கினால்தான் சீல், எண்ணெய் எல்லாம்.

மேலே அடுக்க ஸ்டேக்கர் வேண்டும். அது 1 முதல் 1.5 டன் வரை, சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். பலர் ஏமாறுவது இங்கேதான்: சாதாரண ஸ்டேக்கரின் கால்கள் ஃபோர்க்குக்கு நேர் கீழே இருப்பதால், அடியில் குறுக்குப் பலகை அடித்த பேலட்டுக்குள் நுழையாது. அந்த பேலட்டுக்கு, இருபக்கமும் கால் விரித்து நிற்கும் ஸ்ட்ராடில் வகை வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட்டின் தகட்டில் 3 டன் என்றிருந்தால், பக்கத்தில் 500 மி.மீ. என்ற லோடு சென்டரும் இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து லோடின் எடைமையம் அவ்வளவு தூரத்தில் இருந்தால்தான் அந்த 3 டன். மையம் 600-க்குத் தள்ளிப்போனால் ஏறக்குறைய 2.7 டன்தான் தாங்கும். உயரம் கூடினால் இன்னும் குறையும், சரியான கணக்குக்கு அந்தந்த வண்டியின் தகடுதான். லோடு அதிகமாகி பின்சக்கரம் லேசாகிவிட்டது என்று பின்னால் ஆளை ஏற்றி நிறுத்துவது கொலைக்குச் சமம்.

ஃபோர்க்லிஃப்ட் திரும்ப 3.5–4 மீட்டர் சந்து வேண்டும். 3 மீட்டருக்குள் என்றால் ரீச் டிரக். மாஸ்டை, அதாவது ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டத்தை, முன்னும் பின்னும் நகர்த்தும், 10 மீட்டர் வரைகூட அடுக்கும். தரை மட்டும் சமமாக இருக்கவேண்டும்.

லோடோடு ஓட்டும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15–20 செ.மீ. சரிவில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸ். ஃபோர்க் வளையும் அடிப்பகுதியின் தடிமன் 10 சதவீதம் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், வெல்டிங் வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றவேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும்.