டிப்ஸை நம்பி சர்வர் வேலை: அமெரிக்காவில் புதிதாகச் சேருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உணவகத்தில் சர்வராகச் சேருகிறவருக்கு முதலாளி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-இல் வைத்த தொகை இது. அதற்குப் பிறகு ஒரு சென்ட் ஏறவில்லை. மற்ற வேலைகளுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதுவும் 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 5.12 டாலரை மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கொடுத்துவிடுவார் என்று சட்டமே கணக்குப் போட்டு, முதலாளிக்கு அந்த அளவு கழித்துக்கொள்ளச் சலுகை தந்திருக்கிறது. பெயர் ‘டிப் கிரெடிட்’. 1966-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது உள்ளே நுழைந்தது.

ஆக, டிப்ஸ் என்பது சட்டத்தின் கணக்கில் கூலியின் ஒரு பகுதி. ஆனால் புதிதாகச் சேரும் நம் ஆட்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஹெச்-4 (ஹெச்-1பி விசாக்காரரின் துணைக்கான விசா) வேலை அனுமதி வாங்கியவர், கிரீன் கார்டில் வந்து இறங்கியவர், இங்கேயே வளர்ந்து கல்லூரிச் செலவுக்காக வார இறுதியில் ஓடுகிற பிள்ளை, யாராக இருந்தாலும் சரி: கிடைத்தால் யோகம், கிடைக்காவிட்டால் தலையெழுத்து. இந்த நினைப்பிலிருந்துதான் கீழே வரும் தவறுகளில் பாதி கிளம்புகின்றன.

(எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே, கையில் காசு வாங்கிக்கொண்டு சர்வர் வேலை பார்த்தால் விசாவுக்கே உலை. “எல்லாரும்தானே செய்யறாங்க” என்று சொல்லும் நண்பர் பிரச்சினை வரும்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.)

சேரும்போதே கேட்காமல் விடுவது

எந்த மாநிலம் என்பதுதான் முதல் கேள்வி. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மின்னசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது. அங்கே மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை முதலாளி முழுதாகக் கொடுக்க வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற இடங்களில் அதே 2.13-தான். பல மாநிலங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகை வைத்திருக்கின்றன. சியாட்டிலில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் சொன்ன வருமானத்தை நம்பி டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளச் சீட்டிலேயே மயக்கம் வரும்.

டிப் கிரெடிட் எடுக்கும் முதலாளி அதைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் எடுக்க அவருக்கு உரிமை இல்லை. சிறு உணவகங்களில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

ஒரு நாள் கணக்கும் ஒரு வாரக் கணக்கும்

“டிப்ஸ் சேர்த்தும் 7.25 வரலைன்னா மீதியை ஓனர் போட்டுத் தரணும்” என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். சட்டம் பார்ப்பது முழு வேலை வாரத்தை. செவ்வாய் மதியம் ஆறு மணி நேரம் நின்று ஒன்பது டாலரோடு வீட்டுக்குப் போனாலும், சனி இரவில் நன்றாகக் கிடைத்திருந்தால் வாரச் சராசரி தேறிவிடும். செவ்வாய்க்கிழமைக்காக முதலாளி எதுவும் தர வேண்டியதில்லை. எரிச்சலான ஏற்பாடுதான். ஆனால் இது தெரியாமல் புதன் காலை மேனேஜரிடம் சண்டைக்குப் போனால் நம் பக்கம்தான் பலவீனம். வாரம் முழுக்கவே டிப்ஸ் படுத்துவிட்டால் கேளுங்கள், அப்போது கட்டாயம் கேளுங்கள்.

கேட்க வேண்டுமானால் கையில் ஏடு வேண்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், மொத்த விற்பனை, ரொக்க டிப்ஸ், கார்டு டிப்ஸ், மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது: இவற்றை ஷிஃப்ட் முடிந்ததும் காரில் உட்கார்ந்து செல்போனில் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினால் போதும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாத சர்வர்தான், “போன மாசம் எவ்வளவு வந்துச்சு?” என்றால் “ஏதோ வந்துச்சு” என்பார்.

ஓவர்டைமிலும் இதே கதை. வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் 2.13-ஐ ஒன்றரை மடங்காக்கி 3.20 என்று போடுவார்கள். அது தப்பு. 7.25-ஐத்தான் ஒன்றரை மடங்காக்க வேண்டும், அதில் 5.12-ஐக் கழித்தால் மணிக்குச் சுமார் 5.76 டாலர் வரும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

கை விட்டுப் போகும் காசு

சர்வர் வேலையில் மனதை அதிகம் அறுப்பது டிப்ஸ் வைக்காமல் போகிறவர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு ‘டிப் அவுட்’ இன்னும் கசப்பு. மேசை துடைக்கிற பஸ்ஸர், பார்டெண்டர், வாசலில் இடம் காட்டுகிற ஹோஸ்ட் என எல்லோருக்கும் சர்வர் தன் டிப்ஸிலிருந்து பங்கு கொடுக்க வேண்டும். பல உணவகங்களில் அந்தப் பங்கை டிப்ஸைப் பார்த்துப் போடுவதில்லை, விற்பனையைப் பார்த்துப் போடுகிறார்கள். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 டாலர் பில் போட்ட குடும்பம் ஒரு பைசா வைக்காமல் எழுந்து போனாலும் 8 டாலர் டிப் அவுட் விழும். மற்ற மேசைகளில் சம்பாதித்ததை எடுத்து இதில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறியதற்கு நாம் கொடுத்த காசு அது.

இதில் இரண்டு தவறுகள். ஒன்று, டிப் அவுட் சதவீதம் என்ன, எதன் மேல் போடுகிறார்கள் என்று நேர்முகத்திலேயே கேட்காமல் சேருவது. இரண்டு, 7.25 வந்ததா என்று பார்க்கும்போது பங்கு கொடுப்பதற்கு முந்திய தொகையை வைத்துக் கணக்கிடுவது. நம் கையில் கடைசியாக நிற்கும் டிப்ஸைத்தான் எண்ண வேண்டும்.

பங்கு யாருக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். டிப்ஸ் தொகுப்பிலிருந்து முதலாளியோ மேனேஜரோ எடுக்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் தெளிவாகவே வந்துவிட்டது. மேனேஜர் தானே ஒரு மேசைக்குத் தனியாகப் பரிமாறி அங்கே கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நம்மவர்கள் நடத்தும் சில சிறு கடைகளில் டிப்ஸ் மொத்தமும் கல்லாவுக்குப் போய், ராத்திரி முதலாளி மனசுப்படி பிரித்துக் கொடுப்பார். “நம்மூர் ஆளு, வேலை போட்டுக் கொடுத்தவரு, அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?” என்ற தயக்கம் புரிகிறது. அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் அவருக்குப் பிழைப்பு ஓடுகிறது.

சாப்பிட்டுவிட்டுப் பில் கட்டாமல் நழுவுகிறவர்கள், உடைந்த தட்டு, கல்லாவில் குறைந்த பணம் இவற்றை சர்வர் தலையில் கட்டுவது இன்னொரு வழக்கம். முதலாளி 2.13 மட்டும் கொடுத்து முழு டிப் கிரெடிட்டும் எடுக்கிறார் என்றால், இப்படி ஒரு டாலர்கூடப் பிடிக்க மத்திய சட்டம் இடம் தரவில்லை. டிப்ஸ் எவ்வளவு அள்ளிக் குவித்திருந்தாலும் இதே விதிதான். “என் டேபிள்தானே, நான்தான் கவனிச்சிருக்கணும்” என்று தானாக முன்வந்து காசை எடுத்து நீட்டாதீர்கள்.

கூட்டம் குறைந்ததும் ‘கட்’ என்று சொல்லி சர்வரின் பொறுப்பிலிருந்து மேசைகளை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாப்கினில் கத்தியும் முள்கரண்டியும் சுருட்டுவது, கெட்சப் பாட்டில் நிரப்புவது எல்லாம் அதே 2.13 கூலியில். டிப்ஸ் வராத வேலை மொத்த வேலை நேரத்தில் இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற மத்திய விதியை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2024-இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பழைய விதியை நம்பிப் பேசப் போக வேண்டாம்.

வாசலிலேயே மேசையை எடைபோடுவது

“நம்ம ஆளுங்க டிப்ஸ் வைக்கமாட்டாங்க.” இதை வெள்ளைக்கார சர்வர் சொல்வதைவிட நம்ம சர்வர் சொல்வதுதான் அதிகம். தாத்தா பாட்டியோடு ஆறு பேர் உள்ளே வந்ததும் முகம் சுருங்கிவிடும். ஐஸ் இல்லாத தண்ணீர் கேட்பார்கள், பிறகு வெந்நீர், மூன்று தட்டு வாங்கி ஆறாகப் பிரிப்பார்கள், பில்லை இரண்டு கார்டில் போடச் சொல்வார்கள். சர்வர் அந்தப் பக்கம் போவதைக் குறைப்பார். வெந்நீர் வரவே வராது. கடைசியில் 8 சதவீதம் வைத்துவிட்டுப் போவார்கள். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று சமையலறைக் கதவருகே நின்று பெருமைப்படுவார். அந்த 8 சதவீதத்தில் பாதியை உண்டாக்கியது அவர்தான்.

ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கு இங்குள்ள 15 முதல் 20 சதவீத வழக்கம் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்தாலும், அதுதான் சர்வரின் கூலி என்று தெரியாது. ஓட்டலில் சம்பளம் தருவார்கள், நாம் வைப்பது சந்தோஷத்துக்கு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் பேச்சுக் கொடுப்பார்.

“தம்பி, நீங்க தமிழா?”

“ஆமாம்மா, திருச்சிப் பக்கம்.”

“மணிக்கு எவ்வளவுப்பா தர்றாங்க இங்க?”

இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டு “ஏதோ போகுதும்மா” என்று நழுவுவதுதான் வழக்கம். “ரெண்டு டாலர் சொச்சம்மா, மீதி டிப்ஸ்ல ஓடுது” என்று சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம். கேட்டதற்குப் பதில், அவ்வளவே. இது கையேந்துவது ஆகாது. பில்லில் கையெழுத்துப் போடும் மகனை அந்த அம்மா ஒரு பார்வை பார்ப்பார்.

பெரிய கூட்டத்துக்கு உணவகமே 18 சதவீதம் ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் விருப்பப்பட்டுத் தருவதுதான் டிப்ஸ். கட்டாயமாகப் போட்டது மத்திய சட்டப்படி உணவகத்தின் வருமானம். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பது அவர்கள் முடிவு. வாடிக்கையாளரோ சர்வருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். இதையும் சேரும்போதே கேளுங்கள்.

டிப்ஸை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது

“இவ்வளவு நல்ல சர்வீஸ் நாங்க பார்த்ததே இல்லை” என்று தோளில் தட்டிவிட்டு, 90 டாலர் பில்லுக்கு மூன்று டாலர் வைப்பார்கள். சர்வர்கள் இதற்கு ‘வெர்பல் டிப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதியவர் இரவு முழுக்க யோசிப்பார், என்ன தப்பு செய்தோம் என்று.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் டிப்ஸைப் பற்றியே பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிகப் பலவீனமானது என்பது அவர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணுக்கு நேராகப் பேசினாலே டிப்ஸ் கூடுகிறது என்று 1993-இல் ஓர் ஆய்வு. பில்லோடு ஒரு சிறு சாக்லேட் வைத்தால் கூடுகிறது என்று 2002-இல் இன்னொன்று. சாக்லேட்டுக்கு அசைகிற அளவுகோலை வைத்து நம் உழைப்பை எடைபோட்டு அழுவதில் அர்த்தமில்லை. குனிந்து பேசுங்கள், சாக்லேட் வையுங்கள், தூங்கப் போங்கள்.

வரியும் வெற்றுச் சம்பளச் சீட்டும்

மாதத்துக்கு 20 டாலர் அல்லது அதற்கு மேல் டிப்ஸ் வந்தால், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் முதலாளியிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். ரொக்கமும் சேர்த்து. மொத்த டிப்ஸுக்கும் உண்டான வரியை அந்த 2.13-இலிருந்து பிடிப்பதால் சம்பளச் சீட்டில் பூஜ்ஜியம் வருவது சகஜம். பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு வரி கட்டி முடிந்தது என்று இருப்பவர்களுக்கு ஏப்ரலில் வரித் தாக்கல் செய்யும்போது பாக்கி வந்து நிற்கும், ஏனென்றால் அந்தச் சிறு கூலி வரிக்கே போதாமல் போயிருக்கும். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

2025-இல் வந்த புதிய சட்டத்தை “டிப்ஸுக்கு இனி வரியே இல்லை” என்று பரப்பிவிட்டார்கள். அப்படி இல்லை. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமானம் 150,000 டாலரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 300,000-ஐத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும். மணமானவர்கள் என்றால், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால்தான் செல்லும். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமான 7.65 சதவீதம் அப்படியே உண்டு. கட்டாய சர்வீஸ் சார்ஜ் இந்தக் கழிவில் வராது.

ரொக்கத்தை மறைப்பதில் சாமர்த்தியம் ஏதுமில்லை. வாடகை வீட்டுக்கோ கார் கடனுக்கோ போகும்போது காகிதத்தில் இருக்கும் வருமானம்தான் உங்கள் வருமானம்.

கூலி பாக்கி இருப்பது தெரிந்தும் வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போடுகிறவர்கள் கவனிக்க: மத்திய சட்டப்படி கோர இரண்டு ஆண்டுதான் அவகாசம், முதலாளி தெரிந்தே செய்திருந்தால் மூன்று. தொழிலாளர் துறையின் கூலி, வேலை நேரப் பிரிவுக்கு (1-866-487-9243) அழைத்தால் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டுத் தூக்குவது சட்டவிரோதம். அழைக்கும்போது, காரில் உட்கார்ந்து தட்டி வைத்த அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது தேதியும் மணி நேரமும்தான்.