பொங்கல் லீவில் மணிக்கணக்கு வேண்டாம், பத்துக் கணக்கு போதும்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் போகி முதல் காணும் பொங்கல் வரை "தினம் இரண்டு மணி நேரம்" என்று இலக்கு வைக்காதீர்கள். "தினம் பத்துக் கணக்கு" என்று வையுங்கள். ஒரு வினாத்தாளில் 200 கேள்விகள், அதில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25. இரண்டு பழைய தாள்களில் அந்தப் பகுதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் 50 கணக்கு. நான்கு நாளுக்குத் தாராளம். முந்தின இரவே பேனாவோடு பரீட்சை அட்டையில் செருகித் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். போனில் பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். ஒரு பொங்கல் வாழ்த்தைத் திறந்தால் அரை மணி நேரம் காலி.

பெங்களூரு, ஓசூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது? கணக்கென்றால் நாலு போட்டுவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஐந்தாவதில் தொடரலாம். பத்தும் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. எருது விடும் விழாவில் நிற்கும்போது படிப்பு மனதை அரிக்காது.

புதுப் பாடத்துக்கு இது உதவாது. கூட்டுவட்டிச் சூத்திரமே தெரியாதவர் ஒரே கணக்கில் காலை முழுக்க முட்டிக்கொண்டு நிற்பார். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறதென்றாலும் பத்து போதாது. பானை வைக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் பொங்கலன்று விட்டுவிடுங்கள்; மறுநாள் இருபதாகச் சேர்த்துப் போடவும் உட்காராதீர்கள்.