மெஷின் நின்றால்தான் மெயின்டனன்ஸ் ஆள் கண்ணில் படுவான்: வேலையைக் கணக்கில் ஏற்றும் வழி

மெஷின் ஓடினால் புரொடக்‌ஷனுக்குப் பேர், நின்றால் மெயின்டனன்ஸுக்குத் திட்டு. கத்துகிற மேலாளரிடம் பதிலுக்குக் கத்திப் பயனில்லை. எழுதி வைத்ததுதான் நிற்கும்.

கம்பெனி பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் பெரும்பாலும் "சரி செய்யப்பட்டது" என்று ஒரே வரி. அதில் உங்கள் மூளைக்கு இடமே இல்லை. உங்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு இப்படி எழுதுங்கள் (வி.எம்.சி. என்பது உலோகத்தைச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின், ஸ்பிண்டில் டிரைவ் அதன் சுழலும் தண்டின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் யூனிட்):

"14.20 – வி.எம்.சி. 3 நின்றது. ஸ்பிண்டில் டிரைவ் ஓவர்ஹீட் அலாரம். பேனல் ஃபேன் ஓடவில்லை, ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஃபேன் மாற்றி, ஃபில்டர் கழுவி 15.05-க்கு ஓட்டம். நிறுத்தம் 45 நிமிடம். மற்ற 4 பேனலும் பார்த்ததில் 2 ஃபேன் இழுத்து ஓடின, மாற்றியாச்சு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நிற்காமல் காத்த மெஷினை வேறு யாரும் எழுத மாட்டார்கள். மெஷின் ஹவர் ரேட் (மெஷினின் ஒரு மணி நேரச் செலவு) 600 ரூபாய் என்றால் 45 நிமிட நிறுத்தம் 450 ரூபாய். முன்கூட்டியே ஃபேன் மாற்றிய அந்த இரண்டு மெஷினும் அதேபோல் நின்றிருந்தால் இன்னும் 900. மேலே இருப்பவர்களுக்கு அலாரம் நம்பர் புரியாது, ரூபாய் புரியும். ரேட்டை காஸ்டிங் (செலவுக் கணக்கு) ஆளிடம் கேட்டு வாங்குங்கள். நீங்களே குத்துமதிப்பாகப் போட்டால் மீட்டிங்கில் முதல் கேள்வியிலேயே கணக்கு கவிழும்.

வாரம் ஒருமுறை இதை ஐந்து வரி மெயிலாக மேலாளருக்கு அனுப்புங்கள், புரொடக்‌ஷன் இன்சார்ஜுக்கு ஒரு சிசி. ரிவ்யூ மீட்டிங்குக்கு முந்தின நாள் போனால் நல்லது; உங்கள் வேலையை இன்னொருவர் தன் வேலையாகச் சொல்வது கொஞ்சம் கடினமாகும். எடுத்த எடுப்பில் எம்.டி.க்கு சிசி போட்டால் மேலாளர் பகையாளி ஆவார், மெயிலை எம்.டி. படிக்கவும் மாட்டார்.

"கதவு இன்டர்லாக்கை பைபாஸ் பண்ணி ஓட்டு" என்பது எப்போதும் வாய்மொழியாகத்தான் வரும். கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத பாதுகாப்பு ஸ்விட்ச்தான் இந்த இன்டர்லாக். கை போனால் சொன்னவர் இருக்க மாட்டார். உடனே மெசேஜ் போடுங்கள்: "வி.எம்.சி. 3 இன்டர்லாக் பைபாஸ் செய்ய முடியாது, ஆபத்து. ஸ்விட்ச் ஸ்டோரில் இருக்கிறது, மாற்ற 30 நிமிடம்." முடியாது என்பதோடு மாற்று வழியும் நேரமும் சேர்ந்திருந்தால் மறுத்துப் பேசுவது சிரமம்.

சிலருக்கு விசிட்டிங் கார்டில் "அசிஸ்டன்ட் மேனேஜர்" என்று போட்டுவிட்டு, ஓ.டி. (ஓவர்டைம் சம்பளம்) கிடையாது என்பார்கள். தொழில் தகராறு என்று வந்தால் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, முக்கியமாகச் செய்கிற வேலையை. நாள் முழுக்க ஸ்பேனரும் மல்டிமீட்டருமாக நின்றதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. பஞ்ச் நேரத்தையும் தினமும் அதிலேயே குறியுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

நோட்டு உங்கள் சொந்த நோட்டாக, கையெழுத்தில், தேதியோடு, இடையில் பக்கம் கிழியாமல் இருக்கட்டும். டிராயிங், புரோகிராம் பேக்கப் எதையும் பென்டிரைவிலோ சொந்த மெயிலிலோ எடுக்காதீர்கள். உங்களை வெளியே அனுப்பக் காரணம் தேடுகிறவருக்கு அது ஒன்றே போதும்.